விமான டிஸ்பேட்சர் நேர்காணல்: திரையில் இருப்பது கண்டதா, கணித்ததா?

கோலாலம்பூர் – விமானத் துறை வேலை என்றதும் நம் வீடுகளில் விமானி, விமானப் பணிப்பெண், பொறியாளர் என்ற மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். பிளைட் டிஸ்பேட்சர் என்று ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. விமானம் புறப்படும் முன் பாதையை வகுத்து, வானிலையைப் பார்த்து, எரிபொருளைக் கணக்கிட்டு, அது தரையிறங்கும் வரை கண்காணிப்பவர் இவர். அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., இவ்வேலைக்கான உரிமத்திற்குக் குறைந்தபட்ச வயதை 21 என வைத்துள்ளது.

பயிற்சியை முடித்து முதல் நேர்காணலுக்குப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் விளக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால், எதிரில் அமர்ந்திருப்பவர்கள் பல இரவுகள் இந்த வேலையைப் பார்த்தவர்கள். நீங்கள் ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் கனம் மலேசியர்களுக்குப் புதிதல்ல.

2014 மார்ச் 8, அதிகாலை 12.42 மணிக்கு கே.எல்.ஐ.ஏ.விலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச்.370 விமானம் 239 பேருடன் காணாமல் போனது. அந்த இரவில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பது அதிகாரப்பூர்வ அறிக்கைகளில் நேரவாரியாகப் பதிவாகியிருக்கிறது. விமானம் எங்கே என்று கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது, அது கம்போடிய வான்வெளியில் இருப்பதாக அதிகாலை 2 மணி வாக்கில் நிறுவனத்தின் இயக்க மையத்திலிருந்து தகவல் வந்தது. 3.30 மணிக்கு அதே மையம் வேறொன்றைச் சொன்னது: திரையில் தெரிந்தது கணிப்பின் அடிப்படையிலான இடம், விமானத்தின் இருப்பிடத்தை அறிய அதை நம்ப முடியாது.

நடந்தது இதுதான். விமானத்திடமிருந்து புதிய இருப்பிடத் தகவல் வராதபோதும், இத்தகைய மென்பொருள் பயணத் திட்டத்தின்படி அதை நகர்த்திக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு விமானம் பறந்துகொண்டிருப்பதாகவே தெரியும். விமானம் மறைந்ததற்கு இது காரணமல்ல. ஆனால், தேடலுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியமாக இருந்த வேளையில் ஒன்றரை மணி நேரம் தவறான நம்பிக்கையில் போனது. வழக்கமான நேரத்தில் 15 நிமிடத்திற்கு ஒரு முறையாவது இருப்பிடம் பதிவாக வேண்டும் என்ற ஐ.சி.ஏ.ஓ. விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

எனவே, 'திரையில் விமானம் நகர்கிறது, அழைத்தால் பதில் இல்லை, என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். கடைசியாக உண்மையில் வந்த இருப்பிடத் தகவலின் நேரத்தைப் பார்ப்பது, கிடைக்கும் எல்லா வழிகளிலும் விமானத்தைத் தொடர்புகொள்வது, உடனே மேலதிகாரிக்குச் சொல்வது, கட்டுப்பாட்டு மையத்திடம் 'இது கணிப்பு மட்டுமே' என்று வெளிப்படையாகச் சொல்வது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது எரிபொருள். கணக்கைக் கண்டு பயப்படுபவர்களுக்கு ஓர் ஆறுதல், இதில் பெரும்பகுதி கூட்டல்தான். ஓடுபாதை வரை செல்ல, பயணத்திற்கு, எதிர்பாராததற்கு, மாற்று விமான நிலையத்திற்கு, கடைசியாகத் தொடக்கூடாத இருப்பு. எதிர்பாராததற்கான பங்கு பொதுவாகப் பயண எரிபொருளில் 5 விழுக்காடு. ஜெட் விமானத்திற்குக் கடைசி இருப்பு, விமான நிலையத்திற்கு மேல் 1,500 அடியில் 30 நிமிடம் பறக்கும் அளவு. கோலாலம்பூர்–சென்னை பயணத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். நவம்பர் மழையில் சென்னை மூடினால் பெங்களூருவா, வேறெங்கா? திரும்பும்போது சிப்பாங்கில் மாலை இடி மழை என்றால் பினாங்கா, சிங்கப்பூரா? ஏன் என்று காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

இந்தக் கூட்டலைத் தட்டிக் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 நவம்பர் 28-ஆம் தேதி சாட்சி. பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடெலின் நகருக்குக் காற்பந்துக் குழுவை ஏற்றிச் சென்ற லாமியா விமானத்தின் திட்டத்தில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம்! தாளைப் பார்த்த விமான நிலைய அதிகாரி கேள்வி எழுப்பியும் விமானம் புறப்பட்டது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 71 பேர் இறந்தனர். கேப்டன் வற்புறுத்தினால் என்ன சொல்வீர்கள் என்று நேர்காணலில் கேட்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே சான்றிதழுக்கு வயது 23. கேப்டனும் டிஸ்பேட்சரும் கூட்டாகப் பொறுப்பு. அதை அப்படியே இங்கே ஒப்பிக்க வேண்டாம். எந்த விதியைப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வானிலை அறிக்கையைத் தாளில் கொடுத்து வாசிக்கச் சொல்வதுண்டு. டி.எஸ்.ஆர்.ஏ. என்றால் இடியுடன் மழை, சி.பி. என்றால் இடிமேகம் என்பது தடுமாறாமல் வர வேண்டும். அதிகம் பேர் சறுக்குவது நேரத்தில். அறிக்கையின் நேரம் உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. 0900 என்றிருந்தால் இங்கே மாலை 5 மணி. 1800 என்றிருந்தால் மறுநாள் அதிகாலை 2 மணி, தேதியும் மாறிவிடும். எம்.எச்.370 புறப்பட்டதும் உலக நேரப்படி மார்ச் 7-ஆம் தேதி 16.42 மணிதான்.

கடைசியாக ஒரு சாதாரணக் கேள்வி வரும்: இரவு ஷிப்டுக்கு எப்படி வருவீர்கள்? பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குக் கேஎல் சென்ட்ரலில் விமான நிலைய ரயில் வாசலிலேயே இருக்கிறது. கிள்ளானிலிருந்து வருபவர் கேடிஎம் பிடித்து அங்கே மாற வேண்டும். நள்ளிரவு தாண்டினால் இரண்டுமே கைகொடுக்காது. காரா, மோட்டார் சைக்கிளா, சிப்பாங் பக்கம் வாடகை அறையா என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போவது நல்லது.