காய்ச்சலும் பாய்ச்சலும்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் எடைக்கணக்குச் சொல்கிறார். உழுத நிலத்தின் ஒரு பலப் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உலர விட்டால், ஒரு பிடி எருவும் இடாமலேயே அந்நிலத்தில் பயிர் செழித்து விளையும் என்பது 1037ஆம் குறளின் கருத்து. எடைக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் வயல்மண் தன் எடையில் முக்கால் பங்கு நீரைத் தாங்கி நிற்பதில்லை. நன்றாகக் காய வேண்டும் என்பதே அங்குச் சொல்லப்படுவது. ஆனால், ஒரு வினா எஞ்சுகிறது. எரு தருவது சத்து. வெயில் தருவது வெப்பம். எருவின் வேலையை வெயில் எவ்வாறு செய்யும்?

இவ்வினாவுக்கு அறிவியல் முறையான விடை தேடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். உருசிய ஆய்வாளர் லெபெத்யான்ட்சேவ், மண் உலர்தல் நில வளத்தைக் காக்கும் இயற்கைக் காரணிகளுள் ஒன்று என 1924ஆம் ஆண்டிலேயே எழுதினார். எனினும், இந்நிகழ்வு இன்று வேறொருவர் பெயரால் வழங்குகிறது.

முகுகாவின் மண்

கென்யாவின் தலைநகரான நைரோபிக்கு அருகில் முகுகா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் 1950களில் பணியாற்றியவர் எச்.எஃப். பர்ச். கிழக்கு ஆப்பிரிக்காவின் அப்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. இடையே நிலம் காய்ந்து கிடக்கும். முதல் மழையோடு விதைத்த சோளம் பிந்தி விதைத்ததைவிட நன்றாக வளர்வதை அங்குள்ள உழவர்கள் கண்டிருந்தனர். பர்ச், மண்ணை உலர்த்தி, மீண்டும் நனைத்து, அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் மண்ணில் சேரும் நைட்ரஜன் சத்தையும் அளந்தார். நனைத்தவுடன் இரண்டும் திடீரென உயர்ந்தன. சில நாள்களில் பழைய நிலைக்குத் தணிந்தன. மண் எவ்வளவு காலம் காய்ந்திருந்ததோ அதற்கேற்ப அந்த எழுச்சியும் பெரிதாக இருந்தது. அதே மண்ணை மறுபடியும் உலர்த்தி நனைத்தார். எழுச்சி சற்றுக் குறைந்தாலும் நிற்கவில்லை. 1958இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இந்நிகழ்வு ‘பர்ச் விளைவு’ எனப் பெயர் பெற்றது.

இதன் எளிய வடிவத்தை வகுப்பறையிலேயே காணலாம். ஒரே வயலின் மண்ணை இரு பங்காக்கி, ஒன்றை இரண்டு வாரம் ஈரம் மாறாமல் வைத்திருங்கள். மற்றொன்றை நிழலில் பரப்பி நன்கு உலர்த்துங்கள். பின்னர் உலர்ந்த மண்ணிலும் முன்னதற்கு இணையான ஈரம் வருமாறு நீர் தெளித்து, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குடுவைகளில் இடுங்கள். ஒவ்வொன்றினுள்ளும் தெளிந்த சுண்ணாம்பு நீர் உள்ள ஒரு சிறு கிண்ணத்தை வைத்து இறுக மூடுங்கள். மண்ணே இல்லாத மூன்றாவது குடுவையிலும் ஒரு கிண்ணம் இருக்கட்டும். மறுநாள் மூன்றையும் ஒப்பிட்டால், எந்த மண் அதிகமாக மூச்சு விட்டது என்பதை வெண்படிவின் அளவு சொல்லிவிடும்.

காய்தலும் ஓர் உழைப்பே

ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூஞ்சைகளின் நூலிழைகள் வேறு. இவை எல்லாம் மண் துகள்களைச் சூழ்ந்த மெல்லிய நீர்ப்படலத்தில் வாழ்பவை. மண் காயும்போது படலம் மெலிகிறது. கரைந்த உணவு நுண்ணுயிரியை வந்தடையும் வழி அறுபடுகிறது. எஞ்சிய சிறிதளவு நீரும் மண் துகள்களோடு இறுகப் பற்றிக்கொள்வதால், உயிரணுவின் உள்ளிருக்கும் நீர் வெளியே ஈர்க்கப்படும் நிலை தோன்றுகிறது.

இதனை எதிர்கொள்ள ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. சில, தடித்த உறை கொண்ட சிதல்களாக மாறி உறங்குகின்றன. சில, பசை போன்ற பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. இன்னும் சில, அமினோ அமிலங்களையும் சர்க்கரை வகைப் பொருள்களையும் உயிரணுவுக்குள் குவித்து, அவற்றின் செறிவினால் நீர் வெளியேறாதபடி காக்கின்றன. தடித்த செல்சுவர் உடைய பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இப்போராட்டத்தில் பொதுவாகத் தாக்குப்பிடிக்கின்றன. மெல்லிய சுவருடையவை பெருமளவில் மடிகின்றன. மடிந்தவற்றின் உடல்கள் மண்ணிலேயே கிடக்கின்றன. காய்ந்த மண்ணில் அவற்றைச் சிதைப்பார் இல்லை.

பிறகு மழை வருகிறது. வறட்சியைத் தாங்குவதற்காகச் சேர்த்த செறிவே இப்போது ஆபத்தாகிறது. உலர்திராட்சையை நீரிலிட்டால் அது உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சவ்வூடுபரவலின் அதே விதிப்படி நீர் உயிரணுவுக்குள் பாய்கிறது. குவித்து வைத்த பொருள்களை உடனே வெளியே கொட்டிவிடும் உயிரணு பிழைக்கிறது. இயலாதது வெடித்துச் சிதறுகிறது. எவ்வாறாயினும் எளிதில் செரிக்கத்தக்க உணவு மண்ணீரில் கலக்கிறது. மழை வராத காலத்தைவிட மழை வரும் அந்தச் சில நிமிடங்களே நுண்ணுயிர்க்குக் கொடியவை என்பது வியப்புக்குரியது.

உணவு வரும் வழி இஃது ஒன்றே அன்று. உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இடுங்கள். நீர்க்குமிழிகள் எழ, கட்டி தானாகவே உதிரும். கட்டியின் நுண்துளைகளுள் சிறைப்பட்ட காற்றை, நாற்புறமும் நுழையும் நீர் அழுத்துவதால் நேர்வது அது. அக்கட்டிகளின் உள்ளே, எந்த நுண்ணுயிரும் எட்ட இயலாதபடி மறைந்திருந்த மட்கும் வெளிப்படுகிறது. பிழைத்த நுண்ணுயிர்கள் மடிந்தவற்றையும் மட்கையும் ஒருசேர உண்டு பெருகுகின்றன. உணவிலுள்ள கார்பன் மூச்சாக வெளியேறுகிறது. தம் தேவைக்கு மிஞ்சிய நைட்ரஜனை அவை அம்மோனியமாக மண்ணில் விடுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது பயிரின் வேர் உடனே உறிஞ்சத்தக்க சத்து. வள்ளுவர் சொன்ன எருவில்லாச் செழிப்பின் ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

முதல் மழையின் மண்வாசனைக்கும் இவ்வுலகோடு தொடர்புண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பேரும் தாமசும் 1964இல் அம்மணத்திற்குப் ‘பெட்ரிகோர்’ எனப் பெயரிட்டனர். அதில் கலந்துள்ள ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குவன ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண் பாக்டீரியாக்கள். நம் மூக்கு இதனை நம்பமுடியாத அளவு சிறு செறிவிலும் உணர்ந்துவிடும்.

சேமிப்பிலிருந்து எடுத்தல்

இத்துடன் நிறுத்தினால் உலர்தல் வளத்தைப் படைக்கிறது என்று தோன்றும். அது பிழை. உலர்ந்து நனைவதால் மண்ணுக்குப் புதிதாக ஒரு துளி சத்தும் சேர்வதில்லை. ஏற்கெனவே மட்காகச் சேர்ந்திருந்தது விரைந்து கரைகிறது. வைப்புநிதியிலிருந்து பணம் எடுப்பது போன்றதே இது. கணக்கில் இருப்பு உள்ளவரை எடுக்கலாம். மட்கு வற்றிய நிலத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அடுத்த மழையின் எழுச்சி சிறிதாகவே இருக்கும். அடுத்த குறளிலேயே வள்ளுவர், ஏர் உழுதலினும் எரு இடுதல் நன்று என்கிறார். இரு குறள்களையும் சேர்த்துப் படிப்பதே உழவுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலமும் இதில் முதன்மையானது. எழுச்சி சில நாள்களே நீடிக்கும். அப்போது வேர்கள் காத்திருந்தால் சத்து பயிருக்குச் சேரும். நிலம் வெறுமையாக இருந்து, தொடர்ந்து பெருமழையும் பெய்தால், நீரில் எளிதில் கரையும் நைட்ரேட் ஆழத்திற்கு இறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். கென்ய உழவரின் முந்திய விதைப்பும் நம் மானாவாரி நிலங்களின் புழுதி விதைப்பும் இவ்விழப்பைத் தவிர்க்கும் வழிகளாகவும் அமைகின்றன.

உலகக் கணக்கில் இதன் எடை இன்னும் பெரிது. மேல் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமக் கார்பன் உள்ளது. வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ளவற்றைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. புவி வெப்பமடைதலால் பல பகுதிகளில் வறட்சி நீளவும் மழை கொட்டித் தீர்க்கவும் செய்யும்போது, மண் காய்ந்து நனையும் முறை மாறுகிறது. சேமிப்பு எவ்வளவு விரைவில் செலவாகும் என்பதே இன்றைய மண்ணியலாரின் கவலை.

ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றங்கரையில் இதன் வேறொரு முகம் தெரிந்தது. 1997 முதல் நீடித்த பெரும் வறட்சியில், கரையோரச் செந்தைலமரக் காடுகளின் உதிர்சருகு ஆண்டுக்கணக்கில் மட்காமல் குவிந்து கிடந்தது. 2010இல் வெள்ளம் அதன்மேல் பரவியது. சருகிலிருந்து கரைந்த பொருள்களால் நீர் தேநீர்போல் கறுத்தது. அவற்றைச் சிதைத்த நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் செத்து மிதந்தன. ஆற்று நண்டினங்கள் மூச்சுக்காக நீரைவிட்டுக் கரையேறின.

நெல்வயலில்

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பது நம் உழவரின் சொல். வயலில் நீர் எப்போதும் தேங்கி நின்றால் மண்ணில் காற்று நுழையாது. அந்நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். இடையிடையே வயலைக் காயவிட்டால் காற்று புகுந்து அவற்றை அடக்குகிறது. சூழலுக்கேற்ப மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. பாசன நீரும் மிச்சமாகிறது. ஆனால், காய்ந்தபோது தோன்றிய நைட்ரேட், மறுபடி நீர் தேங்கும்போது நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியேறக்கூடும். ஒரே எடையில் அவ்வளி கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்தும். பெரும்பாலான வயல்களில் மீத்தேன் குறைவதன் நன்மையே மிகுதி என்றாலும், எவ்வளவு காயவிடுவது என்பதை மனம்போன போக்கில் விட முடியாது.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எளிய கருவி ஒன்றைப் பரிந்துரைக்கிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் நிலத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய்ச்சல் கூடாது. அந்நாள்களில் நீர் தேங்கியே நிற்க வேண்டும். தழைச்சத்து உரத்தை, மண் காய்ந்திருக்கையில், நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் இட வேண்டும்.