ஜாடிக்குள் மாவடு: ஆங்கில வாக்கியத்தில் பன்மைப் பெயர் என்ன செய்கிறது?

பொழிச்சலூரில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. அதையே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொன்னால் பிள்ளைகளில் பலர் ‘த நாய்ஸ் ஆஃப் த ப்ளேன்ஸ் ஆர் லவுட்’ என்று எழுதுவார்கள். ‘இஸ் லவுட்’ என்பதே சரி. விமானங்கள் பல, ஆனால் காதை அடைப்பது சத்தம். வாக்கியத்தின் வினை அந்தச் சத்தத்தோடுதான் ஒத்துப்போக வேண்டும்.

பள்ளித் தேர்வின் இலக்கணக் கேள்வி முதல் வங்கித் தேர்வின் பிழை கண்டுபிடிக்கும் பகுதி வரை இந்த ஓரிடத்தில் மதிப்பெண் கைநழுவுகிறது. எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமை என்ற விதியை ஒப்பிக்கும் பிள்ளையே எழுதும்போது தடுக்கி விழுகிறது. வாக்கியத்தில் எது எழுவாய் என்று பிரித்துப் பார்க்க யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. சமையலறைக்குப் போனால் அதைச் சுலபமாகச் சொல்லித்தந்துவிடலாம்.

ஜாடியும் வேடும்

மேடையில் ஒரு பீங்கான் ஜாடி. உள்ளே மாவடு ஊறுகிறது. வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருக்கிறது. ‘அந்த ஜாடியை எடு’ என்றால் கை பிடிப்பது ஜாடியை. உள்ளே நூறு மாவடு கிடந்தாலும் கையில் வருவது ஒரே ஒரு ஜாடி.

‘த ஜார் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஜார்’ தலைமைப் பெயர். ‘ஆஃப்’ என்ற பிரிபொசிஷன்தான் வேடு. ‘மேங்கோஸ்’ வேட்டுக்கு உள்ளே இருக்கும் சரக்கு. ‘இஸ்’ ஜாடியைத் தூக்கும் கை. இன், ஆன், வித், ஃப்ரம், டு, நியர் எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். தனக்குப் பின்னால் வரும் பெயரை உள்ளே வைத்துக் கட்டிவிடும். கட்டுக்குள் போன பெயர் ஒருமையோ பன்மையோ, வினையின் கைக்கு எட்டாது.

திருப்பிப் போட்டாலும் கணக்கு மாறாது. ‘த ஜார்ஸ் ஆஃப் ஆயில் ஆர் ஹெவி.’ எண்ணெய் ஒருமைதான், ஆனால் தூக்க வேண்டியவை பல ஜாடிகள். அதனால் ‘ஆர்’.

நீளமான வாக்கியத்தில் கட்டு மேல் கட்டாக வரும். பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிபகவானை வழிபடச் சனிக்கிழமைகளில் கூட்டம் வரும். அதை ஒரு பிள்ளை எழுதுகிறது: ‘த க்யூ ஆஃப் டிவோட்டீஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் த ஷாப்ஸ் நியர் த டெம்பிள்’. அடுத்து இஸ்ஸா, ஆரா?

பென்சிலை எடுங்கள். ‘ஆஃப் டிவோட்டீஸ்’ ஒரு கட்டு; அடியில் கோடு. ‘இன் ஃப்ரண்ட் ஆஃப் த ஷாப்ஸ்’ இரண்டாவது கட்டு, கோடு. ‘நியர் த டெம்பிள்’ மூன்றாவது, கோடு. கோடு விழாமல் எஞ்சுவது ‘த க்யூ’ மட்டும். வரிசை ஒன்று, ஆகவே ‘இஸ் லாங்’. டிவோட்டீஸும் ஷாப்ஸும் எத்தனை பன்மையாக இருந்தாலும் முடிவை அவை தொடவில்லை.

வாக்கியம் பிரிபொசிஷனிலேயே தொடங்கினாலும் முறை இதுதான். ‘நியர் த ஹவுசஸ் இஸ் எ டெம்பிள்.’ வினைக்கு முன்னால் நிற்கும் ‘ஹவுசஸ்’ கட்டுக்குள் இருக்கிறது. எழுவாய் வினைக்குப் பின்னால் வந்திருக்கிறது.

தமிழ்க் காது ஏன் ஏமாறுகிறது?

‘விமானங்களின் சத்தம் பெரிதாக இருக்கிறது’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அடைமொழியாக வரும் ‘விமானங்களின்’ முன்னால் போய்விடுகிறது. தலைமைப் பெயரான ‘சத்தம்’ பயனிலையின் பக்கம் வந்து நிற்கிறது. ‘கோயிலுக்கு அருகில் கடைகளுக்கு முன்னால் நிற்கும் பக்தர்களின் வரிசை நீளமாக இருக்கிறது’ என்று எவ்வளவு நீட்டினாலும் ‘வரிசை’ தன் இடத்தை விடாது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், அடை முன்னால் வருவதும் தமிழின் அமைப்பு. அதனால் வினைக்கு அண்டையில் இருக்கும் பெயரை நம்பியே நம் காது பழகியிருக்கிறது.

ஆங்கிலத்தில் அடைத்தொடர் தலைமைப் பெயருக்குப் பின்னால் வருகிறது. சத்தத்துக்கும் வினைக்கும் நடுவே விமானங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பக்கத்தில் இருப்பதை நம்பும் காது அங்கேதான் ஏமாறுகிறது.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அஃறிணையில் ‘கள்’ விகுதியைத் தமிழ் கட்டாயப்படுத்துவதில்லை. ‘நாலு தேங்காய் வாங்கினேன்’ என்றால் குறையில்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என இரண்டுக்கும் இடம் கொடுக்கும் பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. இந்தத் தாராளத்தை ஆங்கிலம் தராது.

இதை நம் பிள்ளைகளின் குறையாக மட்டும் பார்க்கவும் வேண்டாம். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளமொழியியல் ஆய்வாளர்கள் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே வாக்கியத்தைப் பேசி முடிக்கும்போது இதே இடத்தில் பிசகுவதைக் காட்டினார்கள். ஒருமைத் தலைமைப் பெயருக்குப் பின் பன்மைப் பெயர் வரும்போதுதான் பிழை கூடியது. பன்மைக்குப் பின் ஒருமை வந்தபோது பிழை குறைவு. ஆகவே ஒருமை எழுவாய்க்குப் பின் பன்மைப் பெயர் நிற்கும் வாக்கியங்களைத்தான் பிள்ளைகளுக்கு அதிகம் பயிற்சி தர வேண்டும்.

கரண்டி வந்தால் கணக்கு வேறு

எல்லா ‘ஆஃப்’பும் ஜாடியை மூடுவதில்லை. ‘எ லாட் ஆஃப்’, ‘சம் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஆல் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’ ஆகியவை அளவு சொல்லும் கரண்டிகள். பந்தியில் கரண்டியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இலையில் என்ன விழுகிறது என்பதுதான் பேச்சு. ‘மோஸ்ட் ஆஃப் த மேங்கோஸ் ஆர் ஸ்மால்’, ‘மோஸ்ட் ஆஃப் த மில்க் இஸ் ஹாட்’. கரண்டி ஒன்றேதான். விழுந்த பொருள் எண்ணக்கூடிய பலவானால் ‘ஆர்’, பால்போல எண்ண முடியாததானால் ‘இஸ்’.

தேர்வில் அதிகம் கேட்கப்படும் இரட்டை இங்கேதான் இருக்கிறது. ‘எ நம்பர் ஆஃப் பஸ்ஸஸ் ஆர் லேட்’ என்பதில் ‘எ நம்பர் ஆஃப்’ கரண்டி: தாமதமாவது பல பஸ்கள். ‘த நம்பர் ஆஃப் பஸ்ஸஸ் இஸ் ஸ்மால்’ என்பதில் ‘த நம்பர்’ ஜாடி: குறைவாக இருப்பது எண்ணிக்கை என்ற ஒன்று. எழுத்தளவில் சிறிய மாற்றம், வினையே மாறிவிடுகிறது.

‘ஒன் ஆஃப்’, ‘ஈச் ஆஃப்’ இரண்டும் ஜாடிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பது. எடுப்பது ஒன்று என்பதால் வினை ஒருமை. ஒன்றைப் பொறுக்கி எடுக்க உள்ளே பல இருக்க வேண்டும் என்பதால் பெயர் பன்மை. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரண்ட் இஸ்’ என்று எழுதுவது நம் பக்கம் நிறையக் காணும் பிழை; ‘ஒன் ஆஃப் மை ஃப்ரண்ட்ஸ் இஸ்’ என்பதே சரி. தமிழிலும் ‘என் நண்பர்களில் ஒருவர் வருகிறார்’ என்றுதானே சொல்கிறோம்? இந்த ஓரிடத்தில் தமிழை அப்படியே பின்பற்றினால் ஆங்கிலம் சரியாக வந்துவிடும்.

‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’ ஆகியவையும் கட்டுகளே. ‘த ஹெட்மிஸ்ட்ரஸ், அலாங் வித் த டீச்சர்ஸ், இஸ் வெயிட்டிங்.’ ‘அண்ட்’ போட்டிருந்தால் இரு தரப்பும் எழுவாயாகி ‘ஆர்’ வந்திருக்கும்.

வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கும், டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிழை செய்தால் ‘இஸ் போடு’ என்று திருத்திக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். ‘லவுடாக இருப்பது எது?’ என்று கேளுங்கள். பிரிபொசிஷன் தொடர்களுக்கு அடியில் அதன் கையாலேயே கோடு போட வையுங்கள். முதலில் இருக்கும் சொல் ஜாடியா, கரண்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் தன்னால் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு இதற்கென்று தனி விதி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.