மகாயுத்தங்களுக்கு இடையில் ஈராக்கியத் தேசியவாதமும் எதேச்சாதிகாரச் சிந்தனையும்

இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்து அரபுத் தேசியவாதத்தை ஐரோப்பியப் பாசிசத்தின் வெறும் நிழலாகக் கொள்வோரும் உளர். அதில் ஏகாதிபத்திய எதிர்ப்பை மட்டுமே கண்டு, எதேச்சாதிகாரக் கூற்றினை மறைப்போரும் உளர். ஈராக்கின் அனுபவத்தை நோக்குமிடத்து இவ்விரு நிலைப்பாடுகளும் எமக்கு ஏற்புடையனவாகத் தோன்றவில்லை.

1932இல் ஈராக் சுதந்திர நாடெனப்பட்டது. ஆயினும், 1930ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி விமானத் தளங்கள் பிரித்தானியர் வசமே இருந்தன. பாராளுமன்றமோ நிலக்கிழார்களதும் கோத்திரத் தலைவர்களதும் கைப்பொருளாயிற்று. தாராண்மைவாதம் அம்மக்களுக்கு அறிமுகமானது இவ்வுருவிலேயே. அது விரைவில் மதிப்பிழந்ததில் வியப்பில்லை.

அவ்வெற்றிடத்தைப் பாடசாலையும் இராணுவமும் நிரப்பின. 1923 முதல் 1927 வரை கல்விப் பணிப்பாளர் நாயகமாயிருந்த ஸாதி அல்-ஹுஸ்ரி, ஜேர்மனியச் சிந்தனையாளர் ஃபிக்டேயின் வழிநின்று, மொழியும் வரலாறுமே தேசத்தின் அடிப்படை என்றார். சமயத்தையும் குலத்தையும் கடந்த இக்கருத்தின் முற்போக்கான பக்கத்தை நாம் மறுக்கவியலாது. ஆனால் தனிமனித சுதந்திரம் தேசநலனுக்குக் கீழ்ப்பட்டதென்பதும் அவர் கொள்கையே. 1933இல் கல்வித்துறை உயரதிகாரி ஸாமி ஷவ்கத் பக்தாத் மாணவரிடையே ஆற்றிய 'மரணத் தொழில்' என்னும் உரை, அக்கொள்கையை அதன் எல்லைக்கே இட்டுச் சென்றது. விடுதலைக்குப் பணமும் கல்வியும் போதா என்ற அவர், முசோலினியின் கருஞ்சட்டையினரை முன்மாதிரியாகக் காட்டினார். 'ஃபுதுவ்வா' என்ற இராணுவப் பயிற்சி பாடசாலைகளிற் புகுந்தது.

அதே 1933இல் ஸிமேலில் அஸ்ஸீரியக் கிறித்தவர் நூற்றுக்கணக்கில் இராணுவத்தாற் கொல்லப்பட்டனர். அந்நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய பக்ர் ஸித்கி தேசிய வீரராகக் கொண்டாடப்பட்டார். 1936 ஒக்டோபரில் அவர் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பில் இடதுசாரிச் சார்புடைய 'அல்-அஹாலி' குழுவினர் கைகோத்தமையே எம்மை ஆழ்ந்து சிந்திக்க வைப்பது. நிலச்சீர்திருத்தத்தை மேலிருந்து விரைவிற் கொணரலாமென அவர்கள் நம்பினர். காமில் அல்-சாதிர்ஜி அமைச்சரானார். 1937இல் பதவி துறந்தார். சீர்திருத்தம் வரவில்லை. படையதிகாரிகள் அரசுகளை ஆக்கவும் அழிக்கவும் பழகியதே மிச்சம்.

1941 ஏப்பிரலில் ரஷீத் அலி படையதிகாரிகளின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றி ஜேர்மனியின் உதவியை நாடினார். பிரித்தானியப் படை அவ்வாட்சியை மே மாத இறுதியில் வீழ்த்தியது. ஜூன் 1, 2ஆம் திகதிகளில் பக்தாத்தில் 100க்கு மேற்பட்ட யூதர் கொலையுண்டனர். தாக்கியோருள் பயிற்சி பெற்ற இளைஞர் அணியினரும் இருந்தனர். நகர வாயிலில் நின்ற பிரித்தானியப் படை அவ்விரு நாட்களும் உள்ளே நுழையவில்லை.