புவிப்புள்ளியியலில் போக்கு: மியூஸ் ஆற்றுச் சமவெளித் தரவுவழி ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: புவிப்புள்ளியியல், போக்கு, எச்சம், வேரியோகிராம், கிரிகிங்

முன்னுரை

ஓரிடத்தில் அளந்த மதிப்பைப் புவிப்புள்ளியியல் இரு கூறுகளாகக் காண்கிறது. இடத்திற்கிடம் சீராக மாறும் சராசரி ஒன்று. அதனைச் சுற்றி ஏறியிறங்கும் எச்சம் மற்றொன்று. முதற்கூறே போக்கு எனப்படும். ஆங்கில நூல்கள் இதனை டிரிஃப்ட், டிரெண்ட் என இரு சொற்களால் குறிக்கின்றன. நுணுகி நோக்கின், டிரிஃப்ட் என்பது மாதிரியமைப்பில் நாம் கொள்ளும் எதிர்பார்ப்பு மதிப்பு. டிரெண்ட் என்பது தரவுக்குப் பொருத்திய பரப்பு. எது போக்கு, எது எச்சம் என்பதைத் தரவு மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேரியோகிராமில் போக்கு

குறித்த இடைவெளியில் அமைந்த புள்ளி இணைகளின் மதிப்பு வேறுபாட்டு வர்க்கச் சராசரியில் பாதியே வேரியோகிராம். சராசரி ஒரே சரிவில் மாறினால், இடைவெளியின் வர்க்கத்திற்கேற்ப வளரும் ஒரு பகுதி இதனுடன் சேர்கிறது. ஆகவே, மட்டமடையாது ஏறிச்செல்லும் வேரியோகிராம் போக்கின் அடையாளமாகக் கருதப்படுகிறது. எனினும், மட்டமடைந்த வேரியோகிராம் போக்கின்மைக்குச் சான்றாகாது.

மியூஸ் தரவு

நெதர்லாந்தின் ஸ்டைன் ஊரருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மேல்மண் மாதிரிகளில் துத்தநாகம் கிலோகிராமுக்கு 113 முதல் 1839 மில்லிகிராம் வரை உள்ளது. வெள்ள வண்டலோடு படிந்ததால், கரையருகே மிகுந்தும் விலகிய இடங்களில் குறைந்தும் காணப்படுகிறது. மடக்கை மதிப்புகளின் வேரியோகிராம் ஏறத்தாழ 900 மீட்டரில் மட்டமடைகிறது. ஆற்றுத் தொலைவின் வர்க்கமூலத்தைப் போக்காகக் கொண்டு நீக்கினால், எச்சத்தின் மட்டம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. போக்கு ஆற்றுக்குக் குறுக்கே அமைய, நெடுந்தொலைவு இணைகள் பெரிதும் ஆற்றின் நெடுகே அமைவதால் முதல் வேரியோகிராமில் அது மறைந்திருந்தது.

கணிப்பில் விளைவு

சராசரி மாறும் நிலைக்கெனப் பொதுமைக் கிரிகிங் முறையை 1969இல் ஜார்ஜ் மாத்தரான் விரித்துரைத்தார். இதில் ஒரு சுழற்சிச் சிக்கல் உண்டு: போக்கைச் சிறப்பாக மதிப்பிட எச்சத்தின் வேரியோகிராம் வேண்டும், அதனைப் பெறப் போக்கு தெரிந்திருக்க வேண்டும். மேலும், பொருத்தலில் கிடைக்கும் எச்சங்கள் நெடுந்தொலைவு மாறுபாட்டைக் குறைத்தே காட்டும்.

மாதிரிகள் நெருங்கிய பகுதியில், போக்கைச் சேர்த்தாலும் விடுத்தாலும் கணிப்புகள் பெரிதும் ஒத்திருக்கும். தரவின் எல்லைக்கு அப்பால் அவை பிரிகின்றன. சாதாரணக் கிரிகிங் சராசரியை நோக்கித் திரும்பும். போக்குடன் கூடியது சரிவைத் தொடரும். உயர்படிப் பல்லுறுப்புக் கோவை அங்கு நம்பத்தகாத மதிப்புகளைத் தரக்கூடும்.

முடிவுரை

எனவே, வேரியோகிராமின் வடிவத்தை மட்டும் கொண்டு போக்கைத் தேர்தல் போதாது. மியூஸில் வெள்ளப் படிவு போல, அதற்கோர் இயற்பியற் காரணம் காட்டப்பட வேண்டும். எந்த அளவெல்லையில் அது பொருந்தும் என்பதும் ஆய்வேட்டில் குறிக்கப்பட வேண்டும்.