கூடியதா, குறைந்ததா?

மாரி மழையோடு நுளம்பும் பெருகும் நாட்களில், மட்டக்களப்பு வாவியோரத்து வீடுகளில் குருதிப் பரிசோதனை அறிக்கைகள் கைமாறுவதைப் பார்க்கிறேன். "பிளேட்லட் எத்தின? நேத்தைய விடக் கூடியிருக்கா?" என்பதே உம்மாமார் கேட்கும் முதற் கேள்வி. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்றே நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் எங்கே ஆபத்தாகிறது என்பதை, உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில் விளக்க விரும்புகிறேன்.

டெங்கு நோயாளியின் அறிக்கையில் பி.சி.வி. என்றோர் எண் இருக்கும். குருதியின் கனவளவில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்பதை அது காட்டும். ஒரு பிள்ளைக்கு 35 ஆக இருந்த பி.சி.வி. 42 ஆகிறது என வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இரத்தம் ஊறியிருக்கிறது என்று மகிழத் தோன்றும். உண்மையில் கூடியது செங்குழியம் அல்ல. குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் குருதிக் கலன்களிலிருந்து வெளியே கசிந்து குறைந்துவிட்டது. அடுப்பில் ஆணம் வற்றினால் உப்புக் கரிக்கிறதல்லவா? அங்கே உப்பு கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. 35 உடன் ஒப்பிட்டால் இந்த உயர்வு 20 வீதம். அது திரவக் கசிவின் முக்கிய அடையாளம்.

பின்னர் பி.சி.வி. குறைந்தால் நிம்மதியா? கசிந்த திரவம் குருதிக்குத் திரும்பினாலும் குறையும். உடலுக்குள் குருதி கசிந்தாலும் குறையும். முன்னது சுகமாவதன் அறிகுறி, பின்னது உயிராபத்து. ஆகவேதான் வைத்தியர்கள் நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் குறைவதும் அப்படித்தான். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையிலேயே தொடங்குகிறது.

நாட்டின் கணக்குக்கும் இதே விதி பொருந்தும். இலங்கையில் 2016 இல் ஏறத்தாழ 55 ஆயிரம் பேரும், 2017 இல் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேரும், 2018 இல் 51 ஆயிரத்துக்கும் அதிகமானோரும் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 2018 ஐ 2017 உடன் ஒப்பிட்டால் 70 வீதத்துக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. 2016 உடன் ஒப்பிட்டாலோ சிறு குறைவு மட்டுமே. இரண்டு கணக்கும் சரிதான். ஒப்பிட்ட ஆண்டுதான் வேறு.

எனவே "கூடியது", "குறைந்தது" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போம். எதனோடு ஒப்பிட்டு? எத்தனை வீதம்? மாறியது இதுதானா, இதனோடு சேர்ந்த வேறொன்றா? வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால், பழைய அறிக்கைகளை வீசிவிடாமல் திகதி வரிசையில் அடுக்கி வைத்தியரிடம் கொடுப்போம். முதல் நாள் எண் இருந்தால்தான் இன்றைய எண் பேசும்.