தொட்டியில் இறங்குபவருக்குக் குழுவில் இடம் உண்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் ஷாப்பை நம்பி வாழும் காலனிக் குடும்பங்கள் ஏராளம். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுவது, டிரம்மிலிருந்து இழுத்துப் போடுவது, கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுவது போன்ற வேலைகள் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தலையில்தான் விழுகின்றன.

அந்தத் தொட்டி எப்படி உயிரைப் பறிக்கிறது? முடி நீக்கப் பயன்படும் சல்பைடு கலந்த கழிவுநீரும் அமிலம் கலந்த கழிவுநீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். காற்றைவிடக் கனமானது என்பதால் அது அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் சாய்கிறார். அவரைத் தூக்கக் குதிப்பவரும் மடிகிறார்.

வாயு மட்டும்தான் ஆபத்து என்றும் சொல்ல முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தனர். பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கியவர்கள் மீது சேறு பாய்ந்தது.

1984 போபால் துயரத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது 41ஜி பிரிவு. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தரப்பைவிடக் குறையக் கூடாது என்கிறது 2020-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு.

எண்ணிக்கை சமமானால் போதுமா? மேஸ்திரியும் அலுவலக ஊழியரும் 'தொழிலாளர் பிரதிநிதி' என்று கையெழுத்துப் போட்டால், அந்தக் குழு நோட்டில் மட்டும்தான் இருக்கும். தொட்டியில் இறங்குபவர் ஒப்பந்தக் கூலியாக வெளியே நிற்பார். சாதி இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது.

நாம் கேட்க வேண்டியவை சில. ஈரவேலை, தொட்டி வேலை செய்பவர்கள், பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரிலிருந்து பிரதிநிதிகளைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் கூட்டம் நடக்க வேண்டும். எந்தக் குறையை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயுவைக் கருவி வைத்துச் சோதிக்காமல், மேலே ஆளும் மீட்புக் கயிறும் இல்லாமல் யாரையும் தொட்டியில் இறக்கக் கூடாது. 'இன்று இறங்க வேண்டாம்' என்று தடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத சிறிய ஷாப்பிலும் இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நேரடியாகவோ குழு உறுப்பினர் மூலமோ நிர்வாகத்திடம் சொல்லலாம். அதே நேரத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். இது சட்டம் தரும் உரிமை.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: "உங்க ஷாப்புல பாதுகாப்புக் குழு இருக்கா? அதுல உங்க ஆள் யாரு?" பதில் இல்லையென்றால், மனு எழுத உங்கள் பேனா இருக்கிறது. செத்த பிறகு வரும் இழப்பீட்டுக்காக நாம் அலைந்தது போதும்.