வெறும் வயிறு வேண்டாத சோதனை

கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. சோதித்தே அறிய வேண்டும். வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் திரும்புவதில்லை. இத்தடையை நீக்கும் முறையை வகுத்துப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. உணவு உண்டிருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துப் பருகி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு. நடுவண் அரசின் நெறிமுறையும் இதுவே.

ஆகவே லம்பா லைன் வாழ் கர்ப்பிணியர் முதல் பரிசோதனையிலேயே இதனைக் கேட்டுப் பெறலாம். 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் செய்தல் வேண்டும். நஞ்சுக்கொடியின் சுரப்புகள் இன்சுலினைத் தடுப்பது அப்போதுதான் மிகும். இந்த இரண்டாம் சோதனையே பெரிதும் தவறவிடப்படுவது எனத் தோன்றுகிறது. நோய் உறுதியானால் முதலில் உணவுக் கட்டுப்பாடு. இரு வாரங்களில் அடங்காவிடில் மருந்து. மகப்பேற்றுக்கு 6 வாரங்களுக்குப் பின் தாய்க்கு மீண்டும் ஒரு சோதனை உண்டு.